செயற்கை நுண்ணறிவு நம் அன்றாட வாழ்க்கையில் எங்கே இருக்கிறது, சாதாரண ஆள் அதை எப்படி விளங்கிக்கொள்வது?

கேள்வி கேட்டவர் "ஏஐ, ஏஐ என்று எல்லாரும் கதைக்கிறார்கள், எனக்கு அதனால் என்ன?" என்றும் கீழே எழுதியிருந்தார். நான் கொம்பியூட்டர் படித்தவன் இல்லை. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட போட்டோக்கொப்பி, ரைப்பிங், படிவம் நிரப்புதல் என்று ஒரு சின்ன கொமினிகேசன் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் போன் கீபோர்ட்டில் "நல்லூர்" என்று அடித்துப் பாருங்கள். மேலே "கந்தசுவாமி" என்றோ "திருவிழா" என்றோ அதுவாகவே எடுத்துக் கொடுக்கும். அதற்கு முருகனையும் தெரியாது தேரையும் தெரியாது, இந்தச் சொல்லுக்குப் பிறகு பெரும்பாலும் எந்தச் சொல் வரும் என்கிற கணக்கு மட்டும் இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த, கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்கிற சட்ஜிபிடியும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் ஒரு சொல்லைப் பார்த்து இல்லை, நீங்கள் எழுதிய முழுவதையும் பார்த்து, இணையத்திலும் புத்தகங்களிலும் மனிதர் எழுதிவைத்த மலை அளவு எழுத்தில் பழகி, அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என்று ஊகித்துக்கொண்டே போகிறது. இதை இவ்வளவு நன்றாகச் செய்யவைத்த டிரான்ஸ்ஃபோமர் என்கிற அமைப்பை கூகுள் ஆட்கள் 2017இல்தான் வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு என்கிற பெயர் மட்டும் பழசு, 1956இல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கூட்டத்துக்கு வைத்தது.

மெயிலில் குப்பையைத் தனியே ஒதுக்குவது, போன் கமரா முகத்தைத் தேடிப் பிடிப்பது, ஒரு சமையல் வீடியோ பார்த்தால் யூடியூப் பின்னாலேயே பத்தைக் கொண்டுவந்து போடுவது, இவையும் இந்தக் குடும்பம்தான். கனகாலமாகப் பாவிக்கிறோம், யாரும் ஏஐ என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஊகம் எங்கே பிழைக்கும்? மனைவி ஒருநாள் விளையாட்டாக சட்ஜிபிடியிடம் கூழ் காய்ச்சும் முறை கேட்டாள். கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னது. பிழை இல்லை, தமிழ்நாட்டில் கூழ் என்றால் அதுதான். இல்லை, ஒடியல் கூழ், அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற எங்கள் ஊர்க் கூழ், என்று திருப்பிக் கேட்டதற்கு மிகவும் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, கேழ்வரகு மாவுக்குப் பதிலாக ஒடியல் மாவைப் போட்டு அதே மோரை ஊற்றிவிட்டது! மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்து ஊற்றவேண்டும் என்பது இல்லை, மீன் இல்லை, நண்டு இல்லை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, பழப்புளி, செத்தல் மிளகாய் ஒன்றும் இல்லை. அப்படியே காய்ச்சியிருந்தால் ஒருவரும் வாயில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அது எழுதிய விதத்தைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து பிலாவிலையில் கூழ் குடித்து வளர்ந்த ஆள் மாதிரி. அதுதான் எனக்குப் பயம். தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றுதான்.

காரணம் லேசானது. அது வாசித்த தமிழில் கூழ் என்று வந்த இடமெல்லாம் பெரும்பாலும் கேழ்வரகுக் கூழாக இருந்திருக்கும். எங்கள் அம்மம்மாமார் காய்ச்சினார்கள், எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்ததிலும் கனக்க, ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கிற "நூலகம்" என்கிற இணையத்தளத்தில் இருப்பதுபோல, பழைய பக்கங்களைப் படமாகப் பிடித்துப் போட்டதுதான். மனிதர் வாசிக்கலாம், இதற்கு எழுத்தாக மாற்றிக் கொடுத்தால்தான் வசதி.

இன்னொன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணம் என்பது தமிழில் ஆறு எழுத்து, ஆங்கிலத்தில் Jaffna என்று எழுதினாலும் ஆறு எழுத்துத்தான். ஆனால் கொம்பியூட்டர் எழுத்துகளைச் சேமிக்க இப்போது பொதுவாகப் பாவிக்கிற யூடிஎஃப்-8 முறையில், பைட் என்கிற அளவில் எண்ணினால், ஆங்கிலச் சொல்லுக்கு 6 பைட், தமிழ்ச் சொல்லுக்கு 33 பைட். புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் போகிறது. அதனால் முந்திய ஏஐகள் தமிழைப் பொடிப்பொடியாக வெட்டித்தான் விழுங்கின. இப்போது வருபவை பரவாயில்லை.

அப்போ உதவாதா என்றால், என் கடையில் அது இல்லாமல் இப்போது ஒரு நாள் ஓடாது. கந்தோர்க் கடிதங்கள் சில சிங்களத்தில் மட்டும் வரும். முந்தி என்றால் சிங்களம் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும். இப்போது போனைப் பிடித்தால் தமிழாகிவிடும். போன மாதம் ஒரு ஐயா, "தம்பி, இதை ஒருக்காப் பார்த்துச் சொல்லும்" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். போன், ஆவணங்களை "14ஆம் திகதி முதல்" சமர்ப்பிக்கவும் என்று காட்டியது. 14க்குப் பிறகு போனால் காணும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ஏனோ ஒரு சந்தேகத்தில், தெற்கே காலி என்கிற சிங்கள ஊரில் பத்து வருடம் வேலை செய்த பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் காட்டினால், அவர் சிரித்துக்கொண்டு, "முதல் இல்லையடாப்பா, 14ஆம் திகதிக்கு முதல்" என்றார், அதாவது 14க்கு முன்னம். ஒரு "க்கு" விட்டுப்போனதற்கு அந்த மனிதர் வேலைக்கெட்டுத் திரும்ப அலைந்திருப்பார். இப்போது கடிதம் எதைப் பற்றியது என்று போனில் பார்ப்பேன், திகதியையும் தொகையையும் மட்டும் ஆளிடம் காட்டித்தான் சொல்வேன்.

பள்ளிப் பிள்ளைகள் வேறு வகை. செயற்றிட்டம் என்று பென்டிரைவில் கொண்டுவருவார்கள், பிரிண்ட் எடுத்தால் முதல் வரியிலேயே "நிச்சயமாக! இதோ நீங்கள் கேட்ட கட்டுரை" என்று இருக்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை, அந்த வரியை மட்டும் விரலால் காட்டுவேன். சிலதுகள் வெட்கப்படும், சிலதுகள் "அண்ணா, அதை மட்டும் அழிச்சுவிடுங்கோ" என்று சொல்லும்.

கடைசியாக ஒரு விசயம், வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிற வீடுகளுக்கு. இப்போது ஒருவருடைய குரலைக் கொஞ்ச நேரம் கேட்டே அதே குரலில் பேசவைக்கிற கருவிகள் இருக்கின்றன. மகன் குரலில் "அம்மா, அவசரம், காசு போடுங்கோ" என்று ஒரு கோல் வந்தால், வைத்துவிட்டு உங்களிடம் இருக்கிற பழைய நம்பருக்கு நீங்களே எடுங்கள். என் அம்மாவும் கனடாவில் இருக்கிற தம்பியும் இதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: சின்ன வயதில் வீட்டில் நின்ற நாயின் பெயர் என்ன? பெயரை இங்கே எழுதமாட்டேன்.