வயிறு நிறைகிறது, உடம்பு தேறவில்லை

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது, எடை 42 கிலோ. காலையில் ராகிக் கஞ்சி, இரண்டு வேளை ரசம் சோறு, ஒரு காபி. வயிறாரத்தான் சாப்பிடுகிறார். ஆனாலும் ஆறு மாதமாக இளைத்துக்கொண்டே போகிறார், வளையல் முழங்கை வரை ஏறுகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். பல் பாதிதான். என்ன கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, செங்கம்

பதில்: குறைவது புரதம். இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு 1 கிராமாவது வேண்டும். அவருக்கு நாளொன்றுக்கு 42. இரு வேளைக்கும் 200 கிராம் அரிசி போட்டாலும் 16 கிராம்தான் வரும். 30 கிராம் மாவில் காய்ச்சிய கஞ்சியில் 2, காபிப் பாலில் 3. ரசத்தில் சேருவது பருப்புத் தண்ணீர். பருப்பு குழம்புக்குப் போய்விடுகிறது. ஆக, தேவையில் பாதி.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்த இளைப்புக்குக் கட்டுப்படாத சர்க்கரையோ காசநோயோகூடக் காரணமாகலாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்த பிறகே புரதத்தைக் கூட்ட வேண்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகப் போட்டிருந்தால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெல்ல முடியாதவருக்குச் சுண்டல் சரிவராது. பொட்டுக்கடலையைப் பொடித்துச் சலித்து வையுங்கள். கஞ்சி இறக்கி ஆறியதும், இந்தப் பொட்டுக்கடலை மாவில் 30 கிராமை மோரில் கரைத்து ஊற்றுங்கள். கொதிக்கும்போது கொட்டினால் கட்டி தட்டும். இதில் 6 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6. ரேஷன் துவரம்பருப்பு 30 கிராம் குழைய வேகவைத்து, மசித்து, சோற்றில் பிசைந்தால் இன்னொரு 6. இரவில் ஒரு டம்ளர் பால் அல்லது தயிர், அதிலும் 6. இவ்வளவையும் ஒரே வேளையில் திணிக்காமல் பிரித்துக் கொடுங்கள். சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். சர்க்கரைக்கு நல்லது என்று ராகியைக் கஞ்சியாகவே குடிக்கிறார்கள்; மாவாக்கிக் கரைத்தது சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும், அளவாகத்தான் கொடுக்க வேண்டும்.

தேறுகிறாரா என்று பார்க்க, மாதமொரு முறை கெண்டைக்காலை அளந்து குறித்து வையுங்கள். உட்கார வைத்து, பாதம் தரையில் பதிய, சதை தடித்த இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். 31 செ.மீ.க்குக் கீழே என்றால் சதை கரைந்திருக்கிறது. முதுகு கூன் விழுந்து உயரம் அளக்க முடியாதவர்களுக்கும் இது உதவும். ஆனால் முன்காலில் கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? அது நீர், அந்த அளவை நம்பாதீர்கள்.

கேள்வி: சாப்பிடாத நாளிலும் சர்க்கரை மாத்திரை போடலாமா?

பதில்: கிளிமிபிரைடு வகையென்றால் ஆபத்து. சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, தலைசுற்றி விழுவார். அந்த மாதிரி நாளில் என்ன செய்வது என்று மாத்திரை எழுதியவரிடம் இப்போதே கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.