வீட்டுப் புல்வெளிக்கு உரம் தூவ எந்த வகைக் கருவி வாங்கலாம்?

பரப்பளவு மட்டும் பார்க்காதீர்கள். புல்வெளியின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். சுழல்தட்டு வைத்த தள்ளுவண்டி உரத்தை விசிறியடிக்கும், பெரிய புல்வெளியில் வேலை சட்டென்று முடியும். ஆனால் பக்கத்துப் பூச்செடிப் பாத்தியிலும் போய் விழும். களைக்கொல்லி கலந்த உரமென்றால் செடிகள் பாழ்.

அங்கெல்லாம் சக்கரங்களுக்கு நடுவே நேராகக் கீழே கொட்டும் வகைதான் சரி. இதில் முந்தைய வரிசையின் சக்கரத் தடத்தின் மேலேயே அடுத்த முறை சக்கரம் ஓட வேண்டும். கொஞ்சம் இடைவெளி விட்டாலும் அங்கே புல் வெளிறிக் கோடு தெரியும்.

சின்னத் துண்டு இடத்துக்குக் கையில் பிடித்துச் சுழற்றுவதே போதும்.

எதுவானாலும் சிபாரிசு அளவில் பாதியை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவுங்கள். நிற்கும்முன் அடைப்பை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் உரம் குவிந்து புல் கருகும்.