ஹெச்-குறியீடு அதிகமுள்ள தாவர அறிவியலாளர்தான் சிறந்த நெறியாளரா?

முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் தேடும்போது ஹெச்-குறியீட்டைப் பார்த்தே முடிவெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாவரத் திசு வளர்ப்பில் நெடுங்காலமாக வேலை செய்கிறவன் நான். அந்த எண்ணைப் பாருங்கள். அதை மட்டும் வைத்து ஆளை எடைபோட்டுவிடாதீர்கள்.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்ல இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு இது. 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் குறியீடு 20. அவற்றில் ஒன்று பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தாலும் குறியீடு ஏறாது.

எங்கள் துறையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாவர உடலியலாளர் ஃபோல்கே ஸ்கூக்கின் மாணவராக இருந்த தோஷியோ முராஷிகே, புகையிலைச் சாற்றில் புதிய வளர்ச்சி ஹார்மோன் ஏதும் இருக்கிறதா என்று தேடினார். ஹார்மோன் அகப்படவில்லை. சாறு சேர்த்ததும் திசு செழித்ததற்கு அதிலிருந்த தாது உப்புகளே பெரும் காரணம் என்று தெரியவந்தது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனதில் பிறந்ததுதான் லிட்டருக்கு 1,650 மில்லிகிராம் அம்மோனியம் நைட்ரேட், 1,900 மில்லிகிராம் பொட்டாசியம் நைட்ரேட் என்று போகும், திசு வளர்ப்புக்கான சத்துகளின் பட்டியல். இருவரும் 1962இல் வெளியிட்டார்கள். நாங்கள் இன்றும் எம்எஸ் (முராஷிகே-ஸ்கூக்) ஊடகம், அதாவது திசு வளரும் சத்துக் கலவை, என்று அன்றாடம் கலக்குவது அதைத்தான். தாவர அறிவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று. ஹெச்-குறியீட்டுக்கோ அதுவும் ஒரு கட்டுரை, அவ்வளவே. தேடியது கிடைக்காதபோது கிடைத்ததை மதித்த அந்த மனத்தை எந்தக் குறியீடும் காட்டாது.

ஆய்விதழ்களின் தாக்கக் காரணி இன்னும் குறுகிய பார்வை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு அந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களின் சராசரி அது. மக்காச்சோளத்தில் இடம்விட்டு இடம் தாவும் மரபுக்கூறுகளைப் பற்றி பார்பரா மெக்ளின்டாக் 1950இல் எழுதினார். நோபல் பரிசு வந்தது 1983இல். இரண்டு ஆண்டுக் கணக்கில் அவருடைய உழைப்பு எங்கே தெரிந்திருக்கும்?

எந்தச் செடியில் ஆய்வு என்பதும் முக்கியம். ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறுசெடி விதையிலிருந்து மறுவிதைக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களில் வந்துவிடும். பழமரக் கலப்பினத்தில் வேலை செய்பவர் நாற்று பூப்பதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இருவரின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. வகைப்பாட்டியலாளர்களின் நிலை இன்னும் மோசம். நெல்லின் அறிவியல் பெயருக்குப் பின்னால் அந்தப் பெயரைச் சூட்டிய லின்னேயஸைக் குறிக்கும் L என்ற எழுத்தைத் தவறாமல் போடுகிறோம். அவர் 1753இல் எழுதியதைக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் சேர்ப்பவர்கள் அரிது. புதிய இனங்களை விவரித்துப் பெயர் சூட்டும் இன்றைய ஆய்வாளர்களுக்கும் இதே கதிதான்.

ஆகவே நெறியாளரின் பழைய கட்டுரைகள் இரண்டு மூன்றை எடுத்து, அவற்றை யார், எந்த இடத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். முன்னுரையில் பத்தோடு பதினொன்றாக வரும் மேற்கோளும், செய்முறைப் பகுதியில் "இந்த முறையையே பின்பற்றினோம்" என்று வரும் மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்று, மதிப்பில் ஒன்றல்ல. பயன்படுத்திய விதைகளின் சேர்க்கை எண்ணை (விதை வங்கி தரும் அடையாள எண்ணை) கட்டுரையில் கொடுத்திருக்கிறாரா, தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். அவரிடம் படித்தவர்களின் பெயர் முதல் ஆசிரியராக வருகிறதா என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். முடிந்தால் அவருடைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, ஒரு சோதனை தோற்றுப்போனால் அங்கே என்ன நடக்கும் என்று கேளுங்கள்.