பேறுகால வலியை மகளிடம் எப்படிச் சொல்வது?

வணக்கம் மேடம்,

மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து திருமங்கலத்துக்கு அழைத்து வந்திருக்கிறோம். ஒன்பதாவது மாதம். "வலி எப்படிம்மா இருக்கும்?" என்று ராத்திரியானால் கேட்கிறாள். "பிள்ளை முகத்தைப் பார்த்தா எல்லாம் மறந்துபோகும்" என்று நானும் என் அக்காவும் சொல்லி வைத்திருக்கிறோம். உள்ளதைச் சொன்னால் பயந்துவிடுவாளே?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மறப்பது பிறகு. அவள் கேட்பது அதற்கு முந்தைய மணி நேரங்களைப் பற்றி. நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள், கூடவே நாலு சாவுக் கதைகளோடு.

வலி விட்டுவிட்டு வரும் என்பதை முதலில் சொல்லுங்கள். பெரும்பாலும் பின்னிடுப்பில் பிடித்து, அடிவயிற்றுக்கு வந்து, உச்சத்தில் நின்று இறங்கும். ஆரம்பத்தில் அரை நிமிடம், போகப்போக ஒரு நிமிடம். நடுவில் வயிறு இளகிவிடும். தண்ணீர் குடிக்கலாம், கண்ணயரலாம். சூட்டு வலியென்றால், அதாவது பொய் வலியென்றால், சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்தால் அடங்கும். (சீரகத்தைவிட தண்ணீருக்கும் ஓய்வுக்கும்தான் அதில் பங்கு அதிகம்.) நிஜ வலி அடங்காது, நெருங்கும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை கணக்கிடுங்கள். 5 நிமிடத்துக்கு ஒன்றென ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். பேரையூர், எழுமலைப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் இன்னும் முன்னதாகவே. சளியோடு லேசாக ரத்தம் படுவது வழக்கம். ரத்தமாகவே போனாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

பல பெண்கள் உடைந்துபோவது வேறோர் இடத்தில். ராத்திரி முழுக்க வலித்திருக்கும். நர்ஸ் உள்ளே பார்த்துவிட்டு "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்பார். கருப்பை வாய் 5 செ.மீ. வரை மெதுவாகத்தான் திறக்கும்; ரெண்டு விரல் அதற்கும் குறைவு. அதற்குமேல் 10 வரை, தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் சொன்ன கணக்கு. இது தெரிந்தவளுக்கு "ரெண்டு விரல்" தோல்வியாகத் தெரியாது. அந்தப் பரிசோதனையும் வலிக்கும். ஒரு வலி இறங்கிய பிறகு பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

"வலி ஊசி" என்ற பேரே ஆளை ஏமாற்றும். போட்டால் வலி குறையும் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அது ஆக்ஸிடோசின், கருப்பையை இன்னும் இறுக வைப்பது. டிரிப்பில் ஏறும்போது வலி சட்டென்று கூடும், இடைவெளி குறையும். 10 நிமிடத்தில் 5 வலிக்குமேல் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். டிரிப்பைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். வலியைக் குறைப்பது முதுகில் போடும் எபிடூரல். எல்லா இடத்திலும் கிடைக்காது. எபிடூரல் போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி வரும் என்பது வெறும் பேச்சு.

கடைசிக் கட்டத்தில் வெளிக்குப் போவது போலவே முக்கத் தோன்றும். கொஞ்சம் போய்விடுவதும் உண்டு. லேபர் வார்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இதை முன்கூட்டிச் சொல்லாததால், வெட்கத்தில் முக்காமல் அடக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மேல்வயிற்றை அமுக்கிப் பிள்ளையைத் தள்ளுவதை அதே 2018 வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. தையல் போடுவதானால் மரத்துப்போகும் ஊசி போட்டு, அது வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடமாவது விட வேண்டும். மறுநாள் பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுக்கலாம்; கருப்பை சுருங்குகிறது, அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம். பிரசவ அறைகளை மேம்படுத்த மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த லக்ஷ்யா திட்டமும் அதைச் சொல்கிறது. நீங்கள் போனால், வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பின்னிடுப்பு எலும்பில் நன்றாக அழுத்திப் பிடியுங்கள், இறங்கியதும் விடுங்கள். மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். கத்தினால் கத்தட்டும். அடுத்த செக்கப்பிலேயே துணைக்கு வருவது யாரென்று நர்ஸிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.