தலைக்கணக்கு வேறு, வீட்டு சர்வே வேறு: சில கேள்விகள், என் பதில்கள்

மத்திய அரசின் மாதிரி ஆய்வுகளுக்காக (எல்லா வீட்டையும் எண்ணாமல் சில வீடுகளை மட்டும் கேட்டு மதிப்பிடும் சர்வே) தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் பல வருடம் வீடு வீடாகச் சுற்றியவன் நான். அதனால் வந்த கேள்விகள் இவை.

சார், அமெரிக்காவில் சென்சஸையே நிறுத்திவிட்டு சர்வே நடத்துகிறார்களாமே? (மாணவி, கும்பகோணம்)

இல்லைம்மா. தலைக்கணக்கு அப்படியே இருக்கிறது. போனது நீளப் படிவம் மட்டும்தான். 2000 வரை ஏறக்குறைய ஆறில் ஒரு வீட்டுக்கு அது போகும். படிப்பு, வருமானம், வாடகை எல்லாம் கேட்பார்கள். 2005 முதல் அந்தக் கேள்விகளை 'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே' மாதாமாதம் வேறு வேறு முகவரிகளில் கேட்கிறது. இப்போது வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரி. 2010 சென்சஸ் படிவத்தில் மிஞ்சியது பத்தே கேள்வி.

ஏன் மாதாமாதம் கேட்க வேண்டும்? ஒரே தடவை கேட்டால் ஆகாதா? (விவசாயி, மன்னார்குடி)

டெல்டாக்காரர் நீங்கள் கேட்கலாமா ஐயா! மார்ச் கடைசியில் வலங்கைமான் பக்கம் ஓர் அம்மாவிடம், போன ஏழு நாளில் என்ன வேலை என்று கேட்டேன். "வேலை ஏது தம்பி, வீட்டுலதான்" என்றார். விடாமல் நாள் நாளாகக் கேட்டதும் விரல் மடக்கினார். இரண்டு நாள் உளுந்து பறித்தது, ஒரு நாள் நூறு நாள் வேலை, மற்ற நாள் சும்மா. அதே வாசலில் மே மாதம் நின்றிருந்தால் விரல் மடங்கியே இருக்காது. குறுவை நடவில் கேட்டால் ஏழு நாளும் வேலை என்றிருப்பார். 2011 சென்சஸ் இங்கே ஆட்களை எண்ணியது பிப்ரவரியில். போன ஒரு வருடத்தை நினைத்துச் சொல்லச் சொன்னது. யாருக்கு நினைவிருக்கிறது?

நம்மிடமும் 2017 முதல் தொழிலாளர் சர்வே தொடர்ந்து நடக்கிறது. 2025 ஏப்ரல் மாதத்திலிருந்து மாதாந்திர எண்ணும் வருகிறது.

அப்படியானால் எங்கள் ஊராட்சிக்கும் வருடாவருடம் எண் கிடைக்குமா? (வார்டு உறுப்பினர், வேதாரண்யம் அருகே)

கிடைக்காது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. பக்கத்து வீட்டுப் பானைக்கு அது பதம் ஆகாது. அமெரிக்காவிலேயே 65,000 பேருக்கு மேல் உள்ள ஊருக்குத்தான் ஓராண்டு எண். சின்ன ஊர் என்றால் ஐந்து வருடத்தைக் கூட்டித் தருவார்கள். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. 2018 நவம்பரில் கஜா அடித்தது. 2016 முதல் 2020 வரை உங்கள் ஊரில் இப்படிக் கேட்டிருந்தால், தென்னை நின்ற காலத்து வருமானமும் விழுந்த பிறகான வருமானமும் ஒரே எண்ணாகக் கலந்திருக்கும். அது எந்த வருடத்து எண்?

பிரான்ஸில் 2004 முதல் வேறு வழி. 10,000 பேருக்குக் குறைந்த ஊர்களை ஐந்து பங்காக்கி, வருடம் ஒரு பங்கில் எல்லா வீட்டையும் எண்ணுகிறார்கள். என்னைக் கேட்டால், நம் கிராமங்களுக்கு அதுதான் தோது.

எங்கள் மாவட்டத்துக்கு 2011 கணக்கே இல்லையே? (ஆசிரியர், மயிலாடுதுறை)

மாவட்டம் பிறந்ததே 2020-ல். 2011-ல் நீங்கள் நாகப்பட்டினம். தாலுகா எண்களைக் கூட்டித்தான் பார்க்க முடிகிறது. அப்படிக் கூட்டுவதற்குக்கூட முழுக் கணக்கு வேண்டும், சர்வே உதவாது. 2021-ல் வர வேண்டியது தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

அறுப்பு மெஷினோடு சேலம் பக்கமிருந்து வரும் ஆட்களை எங்கே எழுதுவார்கள்? (சீர்காழி)

மேலே சொன்ன அமெரிக்க முறையை இங்கே வைத்துப் பார்த்தால், சென்சஸில் வழக்கமாக வசிக்கும் ஊரில். அவர்களுடைய தொடர் சர்வேயில், இரண்டு மாதத்துக்கு மேல் தங்கும் இடத்தில். மெஷின்காரர் ஒரு மாதத்தில் கிளம்பிவிடுவார், ஆகவே இரண்டிலும் சேலம்தான்.

வருமானத்தைச் சொன்னால் ரேஷன் கார்டு போய்விடுமா? (இல்லத்தரசி, திருத்துறைப்பூண்டி)

போகாதும்மா. 2008-ம் வருடப் புள்ளிவிவரச் சட்டப்படி அதைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம். வருகிறவரின் அடையாள அட்டையை மட்டும் வாங்கிப் பாருங்கள். உண்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.