மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டார். அது கிட்னியைக் கெடுத்துவிடும் என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாக நிறுத்திவிட்டார். அதில் சொன்ன மூலிகைப் பொடியைத்தான் சாப்பிடுகிறார். மூட்டுவலிக்கு மட்டும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைத் தினமும் போடுகிறார். இப்போது அசதி, வாயுத்தொல்லை, ராத்திரியில் நாலைந்து முறை சிறுநீர். காலையில் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. இடுப்பும் வலிக்கிறது. கொஞ்ச நாளாகச் சிறுநீரில் நுரை வேறு. டயாலிசிஸ் வரை போய்விடுமா? இத்தனை வருடம் மாத்திரை கொடுத்து நாங்களே கெடுத்துவிட்டோமா? (வாசகி, தாராபுரம்)

பதில்: நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது.

இந்தப் புரளி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மின் உடம்பிலிருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். சர்க்கரையாலோ ரத்தக்கொதிப்பாலோ கிட்னி பழுதானால் மருந்து உள்ளேயே தேங்கும். அதனால் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் அளவு 45-க்குக் கீழே போனால் மாத்திரையைக் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படுவது இதுதான்: மாத்திரை சாப்பிட்டார், கிட்னி போயிற்று, டாக்டரே நிறுத்திவிட்டார். முன்னது பின்னதாகிவிட்டது. மெட்ஃபார்மின் மேல் குறை சொல்லியே ஆகவேண்டும் என்றால், பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் அதைச் சொன்னால் பொடி விற்காதே.

மூலிகைதான் உசத்தி என்பவர்களுக்கு ஒரு தகவல். ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்துக்குப் பயன்பட்ட ஒரு செடியில் இருந்த பொருளை ஆராயப்போய்க் கிடைத்ததுதான் மெட்ஃபார்மின். 1957-இல் பிரான்ஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதைச் சர்க்கரைக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவை வெளியிட்டார். இத்தனை வருடமாக உலகம் முழுக்க அலசப்பட்ட மருந்து. அப்பா இப்போது கரைத்துக் குடிக்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை இவை. சர்க்கரைக்காரர் இவற்றைத் தினமும் போடக் கூடாது. கிட்னிக்குப் பயந்து மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு, கிட்னியை உண்மையிலேயே பாதிக்கிற மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்! இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் பெரிய விஷயமில்லை. காலையில் அடர் மஞ்சளாகப் போவது பெரும்பாலும் தண்ணீர் போதாததால். சர்க்கரையால் கெடும் கிட்னி வலிக்காது, ஆகவே இடுப்பு வலியை அதன் கணக்கில் எழுத வேண்டாம். ராத்திரி எழுந்து எழுந்து போவதும் அசதியும் மாத்திரையை நிறுத்தியதன் பலன் என்றுதான் நினைக்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வழிய ஆரம்பிக்கும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். வாயுத்தொல்லையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நுரையை மட்டும் விடாதீர்கள். வேகமாக விழுந்தால் யாருடைய சிறுநீரும் நுரைக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கழிப்பறை கழுவும் திரவம் மிச்சமிருந்தாலும் நுரைக்கும். அடித்த முட்டைபோல நுரை திரண்டு நின்று, தண்ணீர் ஊற்றியும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? தினமும் அப்படியா? காலையில் கண் இமை உப்பியிருக்கிறதா, சாயங்காலம் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா? அப்படியென்றால் சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்தே ஆகவேண்டும், ஏனென்றால் ஆரம்பத்தில் ஒழுகும் புரதம் கண்ணுக்குத் தெரியாது.

காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொடுத்து அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். அல்புமின் என்பது ஒழுகும் அந்தப் புரதம், கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்றும் கழிவு. 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 30-லிருந்து 300 வரை என்றால் கிட்னி முணுமுணுக்கத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் பிடித்தால் சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் கட்டுக்குள் வைத்து, கிட்னியைக் காக்கும் மாத்திரைகளும் கொடுத்துப் பல வருடம் ஓட்டலாம். கூடவே ரத்தத்தில் கிரியாட்டினின், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி. கிரியாட்டினின் மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று வந்துவிடாதீர்கள். கிட்னியின் திறன் பாதியளவு குறையும்வரைகூட அது நார்மலாகவே காட்டலாம்.

மெட்ஃபார்மினை அவராக நிறுத்தினார். அதேபோல நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எந்த அளவில் தொடங்குவது என்று மருத்துவர் சொல்லட்டும். மூட்டுவலிக்கும் அவரிடமே கேளுங்கள். இதெல்லாம் இந்த வாரத்துக்குள் நடக்க வேண்டும். நடுவில் சிறுநீர் குறைந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வீடியோவை அப்பா ஏன் நம்பினார் என்று எனக்குப் புரிகிறது. நாங்கள் இரண்டு நிமிடம் பேசி அனுப்புகிறோம், அந்த ஆள் இருபது நிமிடம் தமிழில் பொறுமையாகப் பேசுகிறான். அப்பாவிடம் வாதாடிப் பயனில்லை. வீடியோவின் கடைசியில் பொடி வாங்க போன் நம்பர் வருகிறதா என்று மட்டும் கேளுங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே இந்த நாட்டில் 1954-ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது என்றும் சொல்லுங்கள். இனி சந்தேகம் வந்தால் 104-க்கு அழைக்கலாம், அரசின் மருத்துவ உதவி எண் அது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடமும் கேட்கலாம். 2021-லிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

மருத்துவரிடம் போகும்போது பொடி டப்பாவையும் மூட்டுவலி மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.