உதவித்தொகையில் வாங்கிய சாயங்காலங்கள்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 'நானே ஸ்காலர்ஷிப்பில் படித்தவள்தான்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இப்போது கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் உதவித்தொகைத் தேர்வுக் குழுவிலும் உட்காருகிறேன். மேஜைக்கு அந்தப் பக்கமும் தெரியும், இந்தப் பக்கமும் கொஞ்சம் தெரியும். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி: உதவித்தொகை உங்கள் வாழ்க்கையில் எதை மாற்றியது? மேடையில் சொல்வதைச் சொல்லாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: மேடையில் 'எல்லாவற்றையும் மாற்றியது' என்பேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன்: சாயங்காலம் ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை. மாறியது அவ்வளவுதான்.

முதலாண்டில் கல்லூரி முடிந்ததும் நேராக ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போவேன். என் வகுப்பில் படிக்கிறவர்களே நோட்ஸை அங்கே கொண்டுவந்து நகல் கேட்பார்கள். மெஷினிலிருந்து சூடாக வரும் தாள்களை அடுக்கிப் பின் அடிப்பதற்குள் இரண்டு வரி படித்துவிடுவேன். அடுத்தவர் வந்துவிடுவார். அந்த வருடம் எனக்கு எல்லாப் பாடத்திலும் இரண்டு வரி தெரியும். எதிலும் மூன்றாவது வரி தெரியாது.

இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை கிடைத்தது. கடை வேலையை விட்டேன். முதல் நாள் ஐந்து மணி ஆனதும் என்ன செய்வதென்றே தெரியவில்லை. லைப்ரரியில் போய் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு நூலகர் ஒவ்வொரு மின்விசிறியாக அணைத்துக்கொண்டு வந்தபோது, ஒரே பக்கத்தை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான்கு தடவை படிக்கலாம் என்பதே எனக்கு அப்போது பெரிய ஆடம்பரம்.

கணித மேதை இராமானுஜன் கதையை எல்லாரும் அவரை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டியிடமிருந்து தொடங்குவார்கள். எனக்கு வேறு ஒரு விஷயம்தான் பெரிதாகத் தெரியும். 1912-இல் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கூடுதலாக வந்த 45 ரூபாயை விடுங்கள். கணக்குப் போடுவதற்கு அலுவலகம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஆனதே, அதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மாதிரிக் கடிதம் ஒன்று தர முடியுமா?

பதில்: தரமாட்டேன். மாதிரியைப் பார்த்து எழுதி நான் பட்டபாடு போதும்.

என் உதவித்தொகையைக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர். ஓய்வின்போது கையில் வந்த பணத்தில் ஒரு பகுதியைத் தம் மனைவி பெயரில் கல்லூரியில் அறக்கட்டளையாக வைத்திருந்தார். முதலைத் தொட மாட்டார்கள், வருடா வருடம் வட்டி மட்டும் ஒரு மாணவருக்குப் போகும். (இந்த மாதிரி அறக்கட்டளைத் தொகை சில வருடம் குறைவது ஏன் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வைப்புநிதியைப் புதுப்பிக்கும்போது வட்டி விகிதம் இறங்கியிருந்தால் உங்கள் தொகையும் இறங்கும். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.) செமஸ்டருக்கு ஒரு கடிதம் அவருக்கு எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

சீனியர் ஒருத்தியிடம் மாதிரி வாங்கி எழுதினேன். 'தங்கள் பொற்பாதங்களை வணங்கி' என்று ஆரம்பம், 'கோடானுகோடி நன்றிகள்' என்று முடிவு. நடுவில் ஒளிவிளக்கு, ஏணி, தோணி எல்லாம் இருந்தன. பத்து நாளில் என் கடிதமே திரும்பி வந்தது, சிவப்பு மையில் திருத்தப்பட்டு. 'முயர்ச்சி'க்குக் கீழே இரட்டைக் கோடு. 'நன்றிகள்' மீது ஒரு வட்டம். ஓரத்தில், 'நன்றிக்குப் பன்மை இல்லை. ஒன்று போதும்.' அடியில் ஒரு வரி: 'அடுத்த கடிதத்தில் நீ என்ன படிக்கிறாய் என்று எழுது.'

அந்த ஒரு வரியைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது. தேர்வுக் குழுவில் இருந்துகொண்டு நூற்றுக்கணக்கான நன்றிக் கடிதங்களைப் படித்துவிட்டேன். பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று எழுதியவருக்கே தெரியாது. கொடுத்தவருக்குத் தெரிய வேண்டியது அவர் எவ்வளவு உயர்ந்தவர் என்பதல்ல, அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அல்லது கேட்டால் கூச்சப்படுவார். பணம் எதற்குப் போனது, எந்தப் பாடம் பிடித்திருக்கிறது, எந்த வாரம் கஷ்டமாக இருந்தது, இதெல்லாம்தான் அவருக்குப் புதுச்செய்தி. ஒரு பக்கம் போதும். எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை, சிலருக்கு அதைத் திருத்துவதில் ஒரு சந்தோஷம்.

கேள்வி: உதவித்தொகையில் படிப்பது தோழிகளுக்குத் தெரிந்தால் மட்டமாக நினைப்பார்களோ?

பதில்: என் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் மாடியைச் சுற்றிப் போனேன். எட்டாம் நாள் பார்த்தால், அதன்மேல் கைப்பந்துப் போட்டி அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள்.

கேள்வி: நான் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவி. முழு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. ஆனால் இந்த செமஸ்டரில் ஒரு பாடம் போய்விட்டது. என்னைவிடத் தகுதியானவர் யாருக்கோ போக வேண்டிய பணத்தை நான் வாங்கிக்கொண்டேனோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஏறக்குறைய இதே வாக்கியத்தை நான் ஒரு டைரியில் எழுதியிருக்கிறேன்.

உதவித்தொகை வாங்கிய முதல் செமஸ்டரிலேயே வெப்ப இயக்கவியலில் அரியர் வைத்தேன். கடையில் வேலை பார்த்துக்கொண்டு படித்தபோது எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறிப் பாஸ். வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து படித்தபோது ஃபெயில். இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? விதிப்படி அரியர் முடியும்வரை அடுத்த தவணையை நிறுத்திவைத்தார்கள். நான்கு மாதம் மறுபடி ஜெராக்ஸ் கடை.

மேலோட்டமாக இரண்டு வரி படித்தபோது எது புரியவில்லை என்பதே எனக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. நான்கு தடவை படித்தபோது தெரிந்துவிட்டது, பயந்துவிட்டேன். தேர்வு அறையில் அந்தப் பயமும் கூட வந்து உட்கார்ந்துகொண்டது.

'இந்த இடத்துக்கு நான் தகுதியில்லை, யாரையோ ஏமாற்றி உள்ளே வந்துவிட்டேன், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்' என்ற எண்ணத்தை 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். அவர்கள் பார்த்தது தேர்வில் தோற்றவர்களை அல்ல. நன்றாகப் படித்து, நல்ல நிலையில் இருந்த பெண்களை. மதிப்பெண் ஏற ஏற இந்த எண்ணம் தானாகப் போய்விடும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தேர்வுக் குழுவில் இருப்பவள் என்ற முறையில் இன்னொன்று. உங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் உங்கள் மதிப்பெண், வீட்டு வருமானம், நீங்கள் எழுதிய ஒரு பக்கம், எல்லாவற்றையும் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை ஏமாற்றும் அளவுக்கு நீங்கள் கெட்டிக்காரி என்றால், அதற்கே ஒரு உதவித்தொகை தரலாம்.

இராமானுஜனுக்கே 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை கைவிட்டுப் போனது, ஆங்கிலத்தில் தேறாததால். அவரைப் போல எல்லாரும் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை, அவர் அவர்தான். ஒரு பாடம் போனதை வைத்து யாரும் யாரையும் அளந்து முடித்துவிட முடியாது என்கிறேன், அவ்வளவே. முதலில் அலுவலகத்தில் போய்ப் புதுப்பித்தல் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரத்து என்பது வேறு, நிறுத்திவைப்பது வேறு. பாதிப் பேர் இந்த வித்தியாசம் தெரியாமலே அழுகிறார்கள். நானும் அழுதேன்.

கேள்வி: பட்டியலில் பெயர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பணம் வரவில்லை. கேட்டால் 'வரும்' என்கிறார்கள். கேட்பது நன்றிகெட்டதனமா?

பதில்: இல்லவே இல்லை. நன்றியை அப்புறம் பார்க்கலாம், முதலில் வங்கிக்குப் போங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, சான்றிதழில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர்: இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், ஒரு எழுத்து கூடியிருக்கும். இரண்டு, வெகுநாள் வரவுசெலவு இல்லாமல் கணக்கு முடங்கியிருக்கும். இரண்டும் சரியாக இருந்தால், தேதி போட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

கேள்வி: எனக்கு உதவித்தொகை தரும் நிறுவனம், படித்து முடித்ததும் மூன்றாண்டு அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கிறது. உதவி செய்கிறவர்கள்தானே என்று கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆனால் நன்றிக்காகப் போடாதீர்கள். அது கொடுக்கல் வாங்கல்.

1913-இல் அம்பேத்கர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடம். படித்து முடித்ததும் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917-இல் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போய் வேலையில் சேர்ந்தார். சாதியைக் காரணம் காட்டி, தங்க ஓர் இடம் கொடுக்க அந்த ஊரில் ஆளில்லை. ஒண்டியிருந்த விடுதியிலிருந்தும் துரத்தப்பட்டு ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. மன்னர் நல்ல மனதோடு கொடுத்தார் என்பதும் உண்மை, அவர் ஊர் அப்படி நடத்தியது என்பதும் உண்மை.

அதனால் கொடுப்பவரின் மனதை மட்டும் பார்க்காமல் தாளையும் பாருங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித்தர வேண்டும், வட்டி உண்டா, அவர்களே வேலை தரவில்லை என்றால் என்ன ஆகும், ஜாமீன் கையெழுத்து யார் போடுவது. ஜாமீன் போடும் அப்பாவுக்கும் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: உலகத்திலேயே முதல் ஸ்காலர்ஷிப் யார் கொடுத்தது?

பதில்: உலகத்துக்குச் சொல்லத் தெரியாது, ஹார்வர்டுக்குச் சொல்கிறேன். 1643-இல் லண்டனைச் சேர்ந்த ஆன் ராட்கிளிஃப் என்ற விதவை கொடுத்த 100 பவுண்டுதான் அங்கே முதல் உதவித்தொகை நிதி. அப்போது அந்தக் கல்லூரியில் பெண்கள் படிக்க முடியாது. பிறகு 1894-இல் அங்கே பெண்கள் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இருநூற்றைம்பது வருடம் கழித்து வந்த நன்றிக் கடிதம். உங்கள் கடிதம் இரண்டு வாரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது.

கேள்வி: உங்களுக்கு உதவியவரை நேரில் பார்த்தீர்களா? என்ன சொன்னார்?

பதில்: அதற்கு முன்னால் என் இரண்டாவது கடிதத்தைச் சொல்ல வேண்டும். 'ஐயா, வெப்ப இயக்கவியலில் தோற்றுவிட்டேன்' என்று மூன்றே வரி எழுதினேன். திட்டுவார் என்று நினைத்தேன். 'எந்த இடத்தில் புரியவில்லை?' என்று மட்டும் கேட்டிருந்தார். ஒரு பெட்டிக் கணக்கில்தான் தேங்கினேன் என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் 'பாஸ் பண்ணிவிட்டேன்' என்றும் எழுதினேன். அதோடு அவரும் விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

கடைசித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலோடு போனேன். பட்டியலை வாங்கி, பார்க்காமலே ஓரமாக வைத்தார். 'அந்தப் பெட்டிக் கணக்கை எனக்குச் சொல்லு' என்றார்.

ஒரு கவரின் பின்பக்கத்தில் வரைந்தேன். வெப்பம் உள்ளே போகாத, வெளியேயும் வராத ஒரு பெட்டி. நடுவில் தடுப்பு. ஒரு பாதியில் வாயு, மறுபாதியில் ஒன்றுமில்லை, வெற்றிடம். தடுப்பை எடுத்தால் வாயு பெட்டி முழுக்கப் பரவும். அப்போது எந்திரோப்பி, அதாவது துகள்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு, கூடும்.

"வெளியிலேர்ந்து சூடே வரலைங்கறே. சூட்டை வெப்பநிலையால வகுத்தா எந்திரோப்பின்னு அன்னைக்கு எழுதியிருந்தே. சூடு பூஜ்யம்னா விடையும் பூஜ்யம்தானே? அப்புறம் எப்படிக் கூடும்?"

மூன்றாம் செமஸ்டரில் நான் தேங்கிய அதே இடம். துணைத்தேர்வுக்கு விடையை மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். வாய் திறக்க முடியவில்லை.

"நான் தமிழ் வாத்தியார் அம்மா, எனக்கு இது புரியணும்னு அவசியமில்லை. ஆனா நீ பாஸ் பண்ணிட்டேன்னு எழுதியிருந்தே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் பிடிபட்டது. எந்திரோப்பிக்கு வந்த வழி முக்கியமில்லை. தொடக்கமும் முடிவும்தான் கணக்கு. வகுத்தல் சூத்திரமோ மெதுவாக, மீளக்கூடிய முறையில் நடப்பதற்கு மட்டுந்தான் பொருந்தும். வாயு திடுதிப்பென்று பரவிய வழியில் அதைப் போடக் கூடாது. அதே தொடக்கத்திலிருந்து அதே முடிவுக்கு வேறு வழியில் போக வேண்டும்: வாயு ஒரு பிஸ்டனை மெல்ல மெல்லத் தள்ளட்டும், அதே வெப்பநிலையில் இருக்க வெளியிலிருந்து வெப்பம் எடுத்துக்கொள்ளட்டும். அந்த வழியில் கணக்குப் போட்டால் பூஜ்யம் வராது. கன அளவு இரட்டிப்பானால், ஒரு மோலுக்கு வாயு மாறிலி பெருக்கல் இரண்டின் இயல் மடக்கை.

இரவே இரண்டு பக்கம் எழுதி மறுநாள் தபாலில் போட்டேன். செமஸ்டர் கடிதங்கள் நான்கும் எழுதி முடித்தாயிற்று, இது கணக்கில் இல்லாத ஐந்தாவது. அதுவும் திருத்தப்பட்டுத்தான் திரும்பி வந்தது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சிவப்புக் கோடு.